கேள்வி இலாகா

இனிமேல் பரீட்சை எழுதுகிறவர்கள் கேள்வித்தாளை வீட்டுக்கு எடுத்துப் போகலாமாம். ஓய்வு பெற்றபின் ஏதோ ஒரு கையெழுத்து பாக்கி என்று பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தபோது, அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கிற இளைஞர் ஒருவர் இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "அப்போ முன்னாடியெல்லாம் பழைய கேள்வி எப்படி சார் கிடைக்கும்?" என்று கேட்டார்.

"நான் போய் எடுத்துக்கிட்டு வருவேன்."

"திருடியா சார்?"

"மனப்பாடமா."

அவர் பார்வையில் அனுதாபம் அதிகமா, அவநம்பிக்கை அதிகமா என்று தீர்மானிக்க முடியவில்லை. என்னைப் பார்க்கிறவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே வருவது வழக்கம்தான்.

டுடோரியலில் வேலை பார்த்தேன் என்றால் எதிராளி என்னை வாத்தியார் என்று முடிவு கட்டி, தன் மகனின் கணக்கு மார்க்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். நான் ஒரு நாள்கூடக் கரும்பலகையைத் தொட்டதில்லை. நான் இருந்தது கேள்வி இலாகாவில். அப்படி ஓர் இலாகா இருந்தது. அதில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

டுடோரியல் பிறந்தது தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில், ஒரு ஜவுளிக் கடையின் மாடியில். கடை திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தம். அண்ணன்மார் எல்லாரும் கீழே துணி கிழித்தார்கள். கடைசித் தம்பிக்குத் துணியில் நாட்டமில்லை. பி.ஏ. எழுதி, மறுபடியும் எழுதி, இரண்டு தடவையும் இங்கிலீஷில் போனவர். படிப்பின் மேல் அவருக்கிருந்த மரியாதை கடைசிவரை குறையாததற்கு அதுதான் காரணமென்று நினைக்கிறேன். விலை போகாத துணி மூட்டைகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் பெஞ்சு போட்டு, எஸ்.எஸ்.எல்.சி. தவறியவர்களுக்கு வகுப்பு தொடங்கினார். வாசல் பலகையில் ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. அதன்கீழ் 'டைரக்டர்' என்று அவர் பெயரும் இருந்தது. ஊர் இரண்டையும் படிக்கவில்லை. அண்ணாச்சி டுடோரியல் என்றே சொன்னது.

வங்கிகள் அரசுடைமை ஆனபின் குமாஸ்தா வேலைக்குப் பெரிய பெரிய பரீட்சைகளாக வைக்க ஆரம்பித்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. தவறியவர்கள் எழுந்துபோய், அந்த பெஞ்சுகளில் பட்டதாரிகள் உட்கார்ந்தார்கள். சரித்திரத்தில் பட்டம் வாங்கியிருந்த நானும் அவர்களில் ஒருவன். சிந்தாதிரிப்பேட்டையில் ஒற்றை அறை; அப்பா அம்மா இருவரும் போய்விட்டிருந்தார்கள். எனக்கு ஒரு வங்கி உத்தியோகம் கிடைத்தால் சந்தோஷப்பட என்னைத் தவிர ஆள் கிடையாது. ஆனாலும் வேண்டியிருந்தது. காலையில் போனால் 'வாங்க' என்று சொல்ல நாலு மேஜை இருக்கும் ஓர் இடம். அவ்வளவுதான் ஆசை.

முதல் பரீட்சை முடிந்து வந்தபோது அண்ணாச்சி, "கேள்வியெல்லாம் எப்படி இருந்திச்சு தம்பி?" என்று பேச்சுக்குக் கேட்டார். நான் முதல் கேள்வியிலிருந்து கடைசிவரை சொன்னேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்த வியாதி உண்டு. கல்யாணப் பத்திரிகை, மருந்துப் புட்டி லேபிள், ரயில் டிக்கெட்டின் பின்பக்கம் எதைப் படித்தாலும் ஒட்டிக்கொள்ளும்.

அண்ணாச்சி பேனாவைத் தேடினார்.

"பதிலு?"

"அதுதான் தெரியலைங்க."

நல்ல சரக்கைப் பார்த்ததும் ஜவுளிக்காரர் முகத்தில் ஓர் அசட்டை வரும். விலை ஏறிவிடக் கூடாதல்லவா. அந்த அசட்டையோடு, "நாளைலேர்ந்து ஃபீஸ் கட்ட வேண்டாம்" என்றார். அப்படித்தான் நான் உத்தியோகஸ்தனானேன்.

அந்தப் பரீட்சைகளில் கேள்வித்தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஆகவே போன பரீட்சையில் என்ன கேட்டார்கள் என்பது சென்னையில் யாருக்கும் தெரியாது, எங்களைத் தவிர. வந்த எல்லாப் பரீட்சைக்கும் அண்ணாச்சி செலவில் விண்ணப்பம் போட்டேன். உள்ளே போய் உட்கார்ந்து, கேள்வியை ஏற்றிக்கொண்டு வருவேன். விடைத்தாளைக் காலியாக வைத்தால் சூப்பர்வைசர் தலைமாட்டில் வந்து நிற்பார் என்பதால், நாலு விடைகளில் மூன்றாவதற்கே டிக் போட்டுக்கொண்டு போவேன். ஒருமுறை மூன்றாவது விடைகளாகவே சரியாக அமைந்து, தேறுவதற்குக் கிட்டத்தில் போய்விட்டேன். அண்ணாச்சி பதறிவிட்டார். "பாத்துவே, பாஸாயிடப் போறீரு."

மனப்பாடத்துக்கு எனக்கொரு வழி உண்டு. மயிலாப்பூர்க் குளக்கரையிலிருந்து கச்சேரி சாலை வழியாக லஸ் முனைவரை மனத்துக்குள் நடப்பேன். கடைக்கு ஒரு கேள்வி. பாத்திரக் கடையில், தந்தையின் வயது மகனின் வயதைப்போல் மூன்று மடங்கு. மகன் என்ன உத்தியோகம் பார்க்கிறான் என்று எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை. காப்பிப்பொடிக் கடையில், தொட்டியை நிரப்பும் இரண்டு குழாய்களும் காலி செய்யும் ஒரு குழாயும். சென்னையில் இருந்துகொண்டு இரண்டு குழாயில் தண்ணீர் வருவதாக எழுதியவர் யாரென்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. லஸ் முனை மருந்துக் கடையில் எப்போதும் கூட்டுவட்டி.

ஏற்றுவதைவிட இறக்குவதுதான் கஷ்டம். ஹாலை விட்டு வெளியே வந்ததிலிருந்து மாடியில் போய் ஒப்பிக்கும்வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இது அண்ணாச்சி சட்டம் அல்ல, அனுபவம் சொன்னது. ஆரம்பத்தில் ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் மணி சொன்னேன். கச்சேரி சாலையில் ஒரு பக்கத்துக் கடைகளே காணாமல் போய்விட்டன. அதன்பின் சில்லறையைச் சரியாக வைத்துக்கொண்டு கண்டக்டருக்கு விரலால் ஊர் காட்டப் பழகினேன். பரீட்சை முடிந்ததும் வாசலில் எல்லாரும் கும்பலாக நின்று 'அதுக்கு என்னடா போட்டே' என்று சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். வெற்றியோ தோல்வியோ, மனிதர்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பது அந்த அரைமணி நேரம்தான். நான் வாயை இறுக்கிக்கொண்டு அவர்களுக்கு நடுவே நடந்து போவேன். அடிக்கடி பார்க்கிற முகங்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு நகர்ந்துகொண்டார்கள். திமிர் பிடித்தவன் என்று பெயர். ஏழெட்டு வருஷத்தில் பரீட்சை எழுதப்போன இடத்தில் எனக்கு ஒரு சிநேகிதன்கூடக் கிடைக்கவில்லை. பொறாமைப்படக்கூட யாரும் கிடைக்கவில்லை, அவர்கள் ஒவ்வொருவராக உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள்.

மாடியில் எனக்காக ஒரு தடுப்பறை. கேள்வியை ஸ்டென்சிலில் தட்டி நகல் எடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரம் மாடிப்படி முடிகிற இடத்தில். அதை ஓட்டியவர் பட்டினப்பாக்கத்து ஏழுமலை. முழங்கைவரை மை.

"இன்னா நைனா, நெறகொடத்த தூக்கினு வர்றா மாரி வர்றியே. வயிவுடு, வயிவுடு, கேள்வி சிந்திடப் போவுது."

நான் பேச முடியாது என்பது தெரிந்தேதான் பேசுவார். பதில் வராத ஆளிடம் பேசுவதில் ஒரு சுகம் உண்டு போலிருக்கிறது.

அண்ணாச்சி என் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொள்வார். காப்பி வந்திருக்கும், ஆனால் கடைசிக் கேள்வி இறங்கும்வரை தம்ளரைத் தன் பக்கமே வைத்துக்கொள்வார். முடிந்ததும் தாளின் ஓரத்தைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் தேய்த்துப் பார்ப்பார், துணியின் தரம் பார்ப்பதுபோல. 'முதல் தரம்' என்றோ 'ரெண்டாந் தரம்' என்றோ சொல்வார். நான் எப்படி எழுதினேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது மனக் கடினத்தால் அல்ல. நெசவாளி என்ன உடுத்தியிருக்கிறான் என்று ஜவுளிக்காரர் கேட்பதில்லை.

அடுத்த தடுப்பறை விடை இலாகா. தாள் பலகைச் சுவரிலிருந்த ஓர் இடுக்கு வழியாக அந்தப் பக்கம் போகும். விடையோடு நேரே அண்ணாச்சிக்குப் போய்விடும். நான் பார்க்க முடியாது. இந்த ஏற்பாட்டுக்கு அவர் சொன்ன காரணம்:

"கேள்வியும் பதிலும் ஒரே ஆளுகிட்ட சேந்துட்டுன்னு வையும், எதுத்தாப்ல கடை போட்ருவான்."

அவர்கள் கடையில் முன்பு கணக்குப் பார்த்தவரே கொள்முதலும் பார்க்க ஆரம்பித்து, பிறகு எதிரிலேயே கடை போட்டுவிட்டார். அந்தக் காயம். ஆகவே தென்னிந்தியாவிலேயே அதிகக் கேள்வி தெரிந்த மனிதனாக நான் ஆகிக்கொண்டிருந்தேன், விடை ஒன்றும் தெரியாமல்.

விடை இலாகாவுக்கு வசந்தா வந்தாள். மயிலாப்பூர்ப் பெண், கணக்கில் எம்.எஸ்ஸி. வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அது தகையும்வரை பொழுதுபோக்கு என்று அவள் அப்பா அனுமதித்த வேலை. முதல் மாதம் எனக்கு அவள் ஒரு பென்சில் சத்தம் மட்டும்தான். பிறகு ஒருநாள் மாலை, கீழே கடையில் விளக்கேற்றிச் சூடம் காட்ட அண்ணாச்சி இறங்கிப் போனபோது, பலகைச் சுவர் பேசியது.

"நீங்க ஒப்பிக்கறச்சே நான் கேட்டுண்டே போட்டுடறேன், தெரியுமோ? தாள் வர்றதுக்குள்ள எனக்குப் பாதி முடிஞ்சுடும்."

"அப்படியா" என்றேன். ஒப்பிப்பதைத் தவிர வேறு பேசிப் பழக்கமில்லாத குரல்.

"தண்ணித் தொட்டி கணக்குல உங்க குரல் மாறறது. உங்காத்துல தண்ணி வராதோ?"

அன்றிலிருந்து தினமும் சூடம் காட்டுகிற நேரம் எங்களுக்கு. அண்ணாச்சியின் அண்ணன்மார் பக்திமான்கள், நிதானமாகத்தான் காட்டுவார்கள். அவள் முகத்தை நான் படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் பார்த்ததுண்டு. ஆனால் வசந்தா என்றால் எனக்கு நினைவு வருவது பலகையின் கோடுகள்தான்.

அந்த வருஷத்தோடு என் வயது வரம்பு முடிந்தது. அடுத்த பிறந்தநாளுக்குப் பிறகு எந்த வங்கியும் என் விண்ணப்பத்தைப் பிரிக்காது. கடைசியாக ஒரே ஒரு பரீட்சை பாக்கி. பலகையிடம் சொன்னேன்.

அந்தப் பக்கம் பென்சில் நின்றது.

"இத்தனை நாளா நீங்க ஒண்ணுகூட உங்களுக்காக எழுதலையா?"

"மூணாவது விடை போடுவேன்."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"நான் சொல்லித்தரேன். பாதி கேள்வி திரும்பத் திரும்ப வர்றதுதானே? இந்தத் தடவை நீங்க எழுதுங்கோ. நானும் அப்ளிகேஷன் போடறேன். கேள்வியை நான் ஞாபகம் வெச்சுண்டு வந்து அண்ணாச்சிகிட்ட கொடுத்துடறேன். அப்போ அவருக்கும் நஷ்டமில்லை."

அண்ணாச்சியிடம் நான்தான் போய்ச் சொன்னேன், விடை சொல்லித்தரும் பகுதியை விட்டுவிட்டு. அவர் யோசித்தார். "அந்தப் புள்ளைக்கு நெனப்பு நிக்குமா?" என்றார். பிறகு, "சரி. உமக்கும் ஒரு பொழப்பு வேணும்லா" என்றார். அவர் நல்லவர்தான். விளக்கேற்றுகிற நேரங்களில் பலகை வழியாக விடைகள் வந்தன. தந்தைக்கும் மகனுக்கும் ஒருவழியாக வயது தெரிந்தது. தொட்டி நிறைந்தது. நானும் அவளுக்குக் கச்சேரி சாலையைச் சொல்லிக் கொடுத்தேன். அவள் பிறந்து வளர்ந்த தெரு. "அது பாத்திரக் கடையில்லை, அதுக்கு அடுத்தது" என்று என்னையே திருத்தினாள்.

பரீட்சை தேனாம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில். வாசலில் வசந்தா நின்றுகொண்டிருந்தாள். நடுவில் பலகை இல்லாமல் நாங்கள் முதன்முதலாகப் பேசியது அன்றுதான்.

"இன்னிக்கு உங்க வாய் உங்களுக்கு. வெளியில வந்ததும் நீங்க பேசிண்டே வரலாம், நான்தான் மௌனவிரதம்."

"வந்து என்ன பேசறது?"

"அதையும் நான்தான் சொல்லித்தரணுமா?"

பக்கத்தில் ஒரு காப்பி ஹோட்டல் இருந்தது. அங்கே அழைத்துப்போவது என்றும், பேச முடியாத அவளுக்கும் சேர்த்து நானே காப்பி சொல்வது என்றும், அவள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்க நான் பேசுவது என்றும் ஹாலில் போய் உட்காரும்வரை திட்டம் போட்டேன். எதைப் பேசுவது என்பதையும் முடிவு செய்துவிட்டேன். அதைப் படிப்பவர்களே ஊகித்துக்கொள்ளலாம், அதில் புதுமை ஒன்றுமில்லை.

மணி அடித்துக் கேள்வித்தாள் வந்தது. முதல் கேள்வி எனக்குத் தெரிந்த கேள்வி. விடையும் தெரியும். பென்சிலை எடுத்தேன். அதற்குள் கேள்வி எழுந்துபோய்ப் பாத்திரக் கடையில் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது அதற்கு அடுத்த கடையில். நிறுத்திப் பார்த்தேன். கூப்பிட்டுப் பார்த்தேன். கால் பழகிய தெருவில் நடக்க ஆரம்பித்துவிட்டால் நடுவில் திரும்ப முடிவதில்லை. ஒரு விடையை யோசித்தால் பின்னாலிருக்கும் இரண்டு கடைகள் இருட்டாயின, அது தாங்கவில்லை, ஓடிப்போய் விளக்கேற்றிவிட்டு வந்தேன். லஸ் முனையை அடைந்து மருந்துக் கடையில் கூட்டுவட்டியை இறக்கிவைத்தபோது மணி அடித்துவிட்டது. என் விடைத்தாளைப் பார்த்தேன். என்னையறியாமல் கை வரிசையாக மூன்றாவது விடைக்கு டிக் போட்டுக்கொண்டே வந்திருந்தது.

வெளியே வந்தேன். எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என் வாயில் முழுக் கேள்வித்தாள்.

வசந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக வந்தாள். வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

"மன்னிச்சுக்கோங்கோ. கணக்கைப் பார்த்தா கை சும்மா இருக்க மாட்டேங்கறது. எல்லாத்தையும் போட்டுட்டேன். ஒண்ணுகூட ஞாபகமில்லை. அண்ணாச்சிக்கு என்ன சொல்றது? போகட்டும், அதை நான் பார்த்துக்கறேன். நீங்க எழுதினேளா?"

நான் அவளைப் பார்த்தேன்.

"சொல்லுங்கோளேன். எழுதினேளா?"

வாயைத் திறந்தால் கச்சேரி சாலை போய்விடும். அந்த நேரத்தில் என்னிடம் இருந்த ஒரே சொத்து அதுதான். அதைப் போட்டுவிட்டு அவளுக்குப் பதில் சொல்லியிருக்கலாம் என்று இப்போது எழுதுவது சுலபம். அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை. நிறைகுடம் தூக்குகிறவனுக்குக் குடத்தைத் தவிர வேறு நினைப்பு வராது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கணக்குக்காரி. என் வாயைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள்.

"போங்கோ" என்றாள் மெதுவாக. "போய்ச் சொல்லுங்கோ. கொட்டிடப் போறது."

பஸ் வந்தது. விரலால் ஊர் காட்டினேன்.

மாடியில் அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். என் இறுகிய வாயிலிருந்தே விஷயம் தெரிந்தது. உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். குளக்கரையிலிருந்து லஸ் வரை ஒரு கடை விடாமல் சொன்னேன். தாளின் ஓரத்தைத் தேய்க்க விரலைக் கொண்டுபோனவர் தேய்க்காமல் வைத்துவிட்டார். அன்றைக்குத்தான் காப்பித் தம்ளரை முன்னாலேயே என் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார் என்பதை, ஆறிப்போனபின் கவனித்தேன். தாளைப் பழக்கப்படி இடுக்கில் செருகினேன். அது அந்தப் பக்கம் விழுந்த சத்தம் கேட்டது.

"இன்னா நைனா, அங்க யாரு கீறாங்கன்னு போட்ற?" என்றார் ஏழுமலை வாசலில் நின்று. பிறகு என்ன நினைத்தாரோ, தாமே உள்ளே போய்ப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். "நா பாத்துக்கிறேன், நீ ஊட்டுக்குப் போ."

அந்தத் தாள் எங்களைத் தூக்கி நிறுத்தியது. அடுத்த வருஷப் பரீட்சையில் அதிலிருந்து அள்ளி அள்ளிக் கேட்டிருந்தார்கள். மயிலாப்பூரில் ஒரு கிளை, அடையாற்றில் ஒரு கிளை, தபாலில் பாடம் அனுப்ப ஒரு தனி இடம் என்று வளர்ந்தது. கீழே ஜவுளிக் கடை சுருங்கி, கடைசியில் டுடோரியல் கீழேயும் இறங்கியது. வயது வரம்பு தாண்டிய எனக்கு ஹாலுக்குள் போக வழியில்லை. பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலில் நின்று, எங்கள் மாணவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்றாகக் கொண்டுவரும் கேள்விகளை வாங்கிக்கொள்ளும் வேலைக்கு உயர்ந்தேன். அவர்கள் எல்லாரும் பேசிக்கொண்டேதான் வந்தார்கள்.

வசந்தாவுக்கு வேலை கிடைத்தது, வடக்கே எங்கோ. அப்பா சம்மதித்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்ததாம். கிளம்புமுன் பால்கோவா கொண்டுவந்தாள். அண்ணாச்சி மாலை போட்டுப் போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோ 'எங்கள் மாணவி' என்று வெகுகாலம் வாசலில் தொங்கியது. அவள் விடை பெற என் தடுப்புக்கு வந்தாள். பலகையின் இந்தப் பக்கத்தை முதல் தடவையாகப் பார்த்தாள்.

"இவ்வளவு சின்ன ரூமா?" என்றாள்.

அன்று என் வாயில் ஒன்றுமே கிடையாது. சுத்தமாகக் காலி. "சந்தோஷம்" என்றேன். அதற்குமேல் வரவில்லை. அவள் என் வாயைப் பார்த்தாள், நான் பரீட்சையிலிருந்து வந்திருக்கிறேனா என்று பார்க்கிறவள்போல. பிறகு படியிறங்கிப் போனாள்.

இதையெல்லாம் அந்த இளைஞரிடம் சொல்லவில்லை. நல்லதாப் போச்சு தம்பி, இனிமே கேள்வியைப் பையில் வெச்சுக்கிட்டு வாயால பேசிக்கிட்டே வரலாம் என்று மட்டும் சொன்னேன். அவர் மரியாதைக்குச் சிரித்தார்.

திரும்பும்போது மயிலாப்பூரில் இறங்கி லஸ் வரை நடந்தேன். பாத்திரக் கடை இப்போது செருப்புக் கடை. தந்தையும் மகனும் அங்கேயேதான் இருக்கிறார்கள், அதே வயதில். காப்பிப்பொடிக் கடை இருந்த இடத்தில் தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருக்கிறது. மருந்துக் கடை மட்டும் மாறவில்லை. அதைத் தாண்டிப் பஸ் நிறுத்தம். அங்கே எந்தப் பரீட்சையிலும் நான் எதையும் வைத்ததில்லை. கேள்விகள் மருந்துக் கடையோடு முடிந்துவிடும். அந்தத் தேனாம்பேட்டைப் பரீட்சைக்கு மட்டும் அங்கே ஒரு கேள்வி உண்டு. நீங்க எழுதினேளா. அண்ணாச்சியிடம் நான் ஒப்பிக்காத கேள்வி அது ஒன்றுதான்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எங்கே என்று கேட்டார். பழக்கதோஷத்தில் விரலைத் தூக்கிவிட்டேன்.